நாளைக் காலை கத்தியைப் பிடிப்பது யார்?

(மருத்துவ மாணவர்களும் இளம் வாசகர்களும் கலந்துகொண்ட வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்வியை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருவர் படுத்திருக்கிறார். நாளைக் காலை அவருக்கு அறுவை சிகிச்சை. செய்யப்போவது முப்பது ஆண்டு அனுபவமுள்ள பெரிய டாக்டரா, இரண்டாம் ஆண்டு பட்ட மேற்படிப்பு படிக்கும் மாணவரா? இது அவருக்குத் தெரியுமா? தெரிந்தால் சம்மதிப்பாரா? எல்லோரும் மறுத்துவிட்டால் நாளைய மருத்துவர்கள் எங்கே போய்க் கற்பார்கள்?

மருத்துவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது, நமக்கென்ன என்று சிலருக்குத் தோன்றலாம். நமக்கு நிறையவே இருக்கிறது தோழர்களே. இந்தக் கேள்வியின் இரண்டு பக்கத்திலும் நிற்பது நம் மக்கள்தான். கட்டிலில் படுத்திருப்பவர் நம் அம்மா. கையுறை மாட்டிக்கொண்டு நிற்பவர் நம் தெருவிலிருந்து முதன்முதலாக மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த பெண். அம்மாவின் உரிமையைப் பேசினால் மகளின் படிப்புக்கு இடைஞ்சலாகுமோ, மகளின் படிப்பைப் பேசினால் அம்மாவின் உடலைப் பணயம் வைப்பதாகுமோ என்று நாமே தயங்குகிறோம். தயங்கித் தயங்கி இதைப் பேசாமலே இருந்துவிட்டோம்.

முதலில், அறுவை சிகிச்சை மருத்துவர் எப்படி உருவாகிறார் என்று பார்ப்போம். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு. பிறகு ஓராண்டு பயிற்சி. வார்டில் ஹவுஸ் சர்ஜன் என்று சொல்வது இவர்களைத்தான். அதன்பின் எம்.எஸ். மூன்று ஆண்டு. இந்த மூன்று ஆண்டில்தான் கை பழகுகிறது. முதலில் ஓரமாக நின்று பார்ப்பார்கள். பிறகு வயிற்றுச் சதையை விலக்கிப் பிடிக்கும் கருவியை மணிக்கணக்கில் அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பிறகு தோலுக்குத் தையல் போடக் கிடைக்கும். பிறகு கட்டி அகற்றுவது, குடலிறக்கம், குடல்வால் என்று ஒவ்வொரு படியாக, பக்கத்தில் மூத்தவர் ஒருவர் நிற்க, கத்தி கைமாறும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் முறைப்படுத்திய படிநிலைப் பயிற்சியைத்தான் இன்று உலகம் முழுக்க ஏதோவொரு வடிவில் பின்பற்றுகிறார்கள். இதற்கு மாற்று கிடையாது. பொம்மையில் பழகலாம், திரையில் பழகலாம். ஒரு கட்டத்தில் உயிருள்ள உடலில் முதல் முறை என்று ஒன்று வந்தே தீரும்.

அந்த முதல் முறை யாருடைய உடலில் நடக்கிறது? கார்ப்பரேட் மருத்துவமனையின் விளம்பரப் பலகையில் கைகட்டிச் சிரிக்கும் நிபுணர்களில் பெரும்பாலோர் தங்களுடைய முதல் குடல்வாலை ஏதோ ஒரு பெரியாஸ்பத்திரியின் இலவசக் கட்டிலில் இருந்தவருக்குத்தான் எடுத்திருப்பார்கள். கை பழகியது ஓரிடத்தில், பழகிய கை காசு வாங்குவது வேறோர் இடத்தில். கட்டடத் தொழிலாளியும் தூய்மைப் பணியாளரும் விவசாயக் கூலியும் கொடுத்த இந்தக் கல்விக்கொடை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வருவதில்லை.

இதன் வரலாறும் அழகானதல்ல. அமெரிக்காவின் அலபாமாவில் 1845 முதல் 1849 வரை மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், பிரசவத்தில் ஏற்படும் சிறுநீர்க் கசிவைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களிடம் செய்து பார்த்துப் பழகினார். அனார்கா, லூசி, பெட்ஸி என்ற மூவரின் பெயர்கள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அனார்கா என்ற ஒரு பெண்ணுக்கு மட்டும் ஏறத்தாழ 30 முறை, மயக்க மருந்து இல்லாமல். அவர்கள் அடிமைகள், மறுக்க முடியாது. பழகிய கையோடு சிம்ஸ் நியூயார்க் போய்ப் பெரும்புகழ் பெற்றார். அங்கே மத்தியப் பூங்கா ஓரம் நின்ற அவருடைய சிலையை 2018இல்தான் அகற்றினார்கள். நம் மருத்துவமனைகள் அலபாமா என்று நான் சொல்லவில்லை. இங்கே நடப்பது சிகிச்சை, தேவையான சிகிச்சை, பெரும்பாலும் நல்ல சிகிச்சை. ஆனால் 'மறுக்க முடியாதவரின் உடலில் கற்றுக்கொள்' என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

நம் நோயாளிகள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? வார்டில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு இந்தக் குரல்கள் பழக்கமானவை. "படிக்கிற புள்ளைங்க, பாத்துட்டுப் போகட்டும்" என்று சொல்லும் பாட்டி இருக்கிறார். "பெரிய டாக்டர் பக்கத்துல இருப்பாருல்ல?" என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்பவர் இருக்கிறார். "என்னய வச்சுத்தான் கத்துக்கிறாங்களா?" என்று பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் தாழ்ந்த குரலில் கேட்பவரும் இருக்கிறார். இந்தக் கடைசிக் கேள்வி டாக்டரின் காதுக்கு ஒருபோதும் வராது. கேட்டால் தேதி தள்ளிப்போகும். கேட்டால் "இஷ்டமிருந்தா இரு, இல்லன்னா பிரைவேட்டுக்குப் போ" என்ற பதில் வரும். இந்த பயத்தில் வரும் மௌனத்தைத்தான் மருத்துவமனைகள் சம்மதம் என்று எழுதி வைத்துக்கொள்கின்றன.

சரி, நேராகச் சொல்லிக் கேட்டால் மக்கள் மறுத்துவிடுவார்களா? அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. பயிற்சி மருத்துவர் உங்கள் அறுவை சிகிச்சையில் பங்கெடுக்கலாமா என்று பொதுவாகக் கேட்டபோது 94 விழுக்காட்டினர் சரி என்றார்கள். பிறகு ஒவ்வொரு சூழலாக விவரித்துக் கேட்டார்கள். பயிற்சி மருத்துவரின் பங்கு கூடக்கூடச் சம்மதம் இறங்கிக்கொண்டே போய், கடைசிச் சூழலில் 18 விழுக்காட்டில் வந்து நின்றது.

இந்த எண்ணைப் பார்த்துத்தான் பல மூத்த மருத்துவர்கள், "பார்த்தீர்களா, சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் சொல்லாமல் இருப்பதே நல்லது" என்கிறார்கள். எனக்கு அந்த எண் வேறொன்றைச் சொல்கிறது. 'பங்கெடுப்பார்' என்ற மழுப்பலான சொல்லுக்குக் கிடைத்த 94 விழுக்காட்டுச் சம்மதம், கேட்டவர் மனதில் இருந்த வேறு ஏதோ ஒன்றுக்கான சம்மதம். உண்மையை மறைத்து வாங்கியது சம்மதமாகாது. நோயாளி பயப்படுவது மாணவரின் வயதுக்கோ படிப்புக்கோ மட்டுமல்ல. தான் மயக்கத்தில் கிடக்கும்போது தன்னைக் கைவிட்டுவிடுவார்களோ என்பதுதான் பெரிய பயம். மூத்தவர் எங்கே இருப்பார், எந்த நிமிடத்தில் கத்தியைத் திரும்ப வாங்குவார் என்று சொல்லாமல் அந்த பயம் போகாது.

பயத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெரிய எண்ணிக்கையிலான அறுவை சிகிச்சைகளை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வுகள் பொதுவாகச் சொல்வது இது: பயிற்சி மருத்துவர் பங்கெடுக்கும்போது நேரம் கூடுதலாகிறது, சிறு சிக்கல்கள் சற்றே கூடுகின்றன, இறப்பு கூடுவதில்லை. மூத்தவர் உடனிருக்கும் அமைப்பில் கிடைத்த முடிவு இது என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மாணவரைத் தனியே விட்டுவிட்டுச் சொந்த கிளினிக்குக்குப் போய்விடும் மூத்தவருக்கு இந்த ஆய்வு நற்சான்று தராது.

சட்டம் என்ன சொல்கிறது? சமீரா கோலி வழக்கு, உச்ச நீதிமன்றம், 2008. நோயறிய வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்க மட்டும் சம்மதித்த பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, தாயிடம் கேட்டுக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் சம்மதமாகாது, போதிய தகவல் தந்து வாங்கியதே செல்லும் என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்பு. ஆனால் எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற இடத்தில், அமெரிக்காவின் கூடுதல் கண்டிப்பான அளவுகோல் இங்கே பொருந்தாது என்று ஒதுக்கியது. சொன்ன காரணங்களில் ஒன்று, இங்கே நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள், எழுத்தறிவு குறைந்தவர்கள், அவர்களுக்கு மருத்துவ விவரங்கள் புரியாது என்பது. ஏழைக்குப் புரியாது என்ற இந்த எண்ணத்தைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும். விதை, உரம், வட்டி, வாய்தா எல்லாம் புரிகிற நம் மக்களுக்கு, "இந்தப் பொண்ணு ரெண்டாம் வருஷம் படிக்குது, அவங்க தைப்பாங்க, நான் பக்கத்துல நிப்பேன்" என்ற ஒரு வாக்கியம் புரியாதா? சொல்ல மனமில்லாததற்குப் புரியாமை ஒரு சாக்கு.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வெளியிட்ட நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் இருக்கின்றன. தகவலறிந்து சம்மதிக்கும் உரிமை அதில் ஒன்று. தனக்குச் சிகிச்சை தருபவரின் பெயரையும் அவர் யார் என்பதையும் அறிவதும் உரிமை. நம் வார்டுகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்? கேஸ் ஷீட்டோடு நீட்டப்படும் ஒரு தாள், "இங்க ஒரு கையெழுத்து, கைநாட்டு வச்சாலும் சரி" என்பதோடு முடிந்துவிடுகிறது.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். 'யார் செய்யப்போகிறார்கள்' என்று நோயாளி கேட்கும் இதே கேள்வி இன்னொரு வாயிலிருந்து வேறு பொருளில் வருகிறது. "எந்த ஊரு தம்பி? எந்தத் தெரு? அப்பா என்ன பண்றாரு?" பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதை நிறுத்தியது தமிழ்நாட்டின் பெருமை. ஆனாலும் வார்டில் தெருப்பெயர் வழியாகச் சாதி விசாரிக்கப்படுகிறது. பதில் கிடைத்ததும், "பெரிய டாக்டரே பண்ணினா நல்லாருக்கும்" என்று ஒரு கோரிக்கை வருகிறது. படித்தவர்கள் இதையே நாகரிகமாக, "கோட்டா டாக்டர்கிட்ட உயிரைக் கொடுக்க முடியுமா?" என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள்.

இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு முறை சொல்வோம். இடஒதுக்கீடு நுழைவதற்கு. தேறுவதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. எம்.பி.பி.எஸ்.ஸிலும் எம்.எஸ்.ஸிலும் எல்லோருக்கும் ஒரே தேர்ச்சிக் கோடுதான். 2023இல் முதுநிலை மருத்துவ இடங்கள் காலியாகக் கிடந்தபோது ஒன்றிய அரசு முதுநிலை நீட் தகுதி வரம்பை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜிய விழுக்காட்டு நிலைக்கு இறக்கியது. பெரும் பணம் கட்டினால் மட்டுமே கிடைக்கும் தனியார் இடங்களும் அதில் நிரம்பின. அப்போது யாராவது, "பண சீட் டாக்டரிடம் உயிரைக் கொடுக்காதே" என்று எழுதினார்களா? 69 விழுக்காடு இடஒதுக்கீடு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கும் மாநிலம் இது. 2018–20 காலத்து மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு நிகழும் தாய் இறப்பு நாட்டின் சராசரியாக 97, தமிழ்நாட்டில் 54. இடஒதுக்கீட்டில் வந்த கைகள்தான் இந்தத் தாய்மார்களைக் காத்த அரசு மருத்துவமனைகளில் இரவும் பகலும் நிற்கின்றன.

சந்தேகப்படுவது நோயாளி மட்டுமல்ல. கத்தி யாருக்குக் கிடைக்க வேண்டும் என்பதை உள்ளே இருப்பவர்களும் சாதி பார்த்து முடிவுசெய்கிறார்கள். எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் சாதிப் பாகுபாடு குறித்து ஆராய்ந்த சுக்தேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. பட்டியலின, பழங்குடி மாணவர்களில் 69 விழுக்காட்டினர், ஆசிரியர்களிடமிருந்து தங்களுக்குப் போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்றார்கள். மும்பை நாயர் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவம் படித்த பாயல் தட்வி, பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்தவர். 2019 மே 22 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மூத்த மாணவிகள் மூவர் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள், அறுவை அரங்குக்குள் விடாமலும் பிரசவம் பார்க்க விடாமலும் தடுத்தார்கள் என்பது குடும்பத்தினரின் குற்றச்சாட்டு. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. குற்றச்சாட்டின் அந்த வரியை மட்டும் கவனியுங்கள்: அரங்குக்குள் விடவில்லை. அறுவை சிகிச்சைத் துறையில் ஒருவரை ஒழிக்க மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டும் கொக்கியைப் பிடிக்க மட்டும் விட்டால் போதும். பிறகு "இவருக்குக் கை வராது" என்று சொல்லிவிடலாம்.

ஆக, நோயாளிக்கு அறியவும் மறுக்கவும் உரிமை வேண்டும் என்று நாம் கேட்டால், அந்த உரிமை நம் பிள்ளைகளை அரங்கிலிருந்து வெளியேற்றும் ஆயுதமாக மாறுமா? மாறக்கூடும். அதற்காக உரிமையைக் கைவிட முடியாது. ஒரு கோடு போட வேண்டும். "எனக்கு அறுவை சிகிச்சை செய்பவர் எத்தனையாவது ஆண்டு மாணவர், இதை முன்பு செய்திருக்கிறாரா, யார் மேற்பார்வை?" என்று கேட்பது நோயாளியின் உரிமை. அந்த பதிலைக் கேட்டபின் மாணவர் வேண்டாம் என்று சொல்வதும் உரிமை. "இந்த மாணவர் வேண்டாம், அந்த மாணவர் பரவாயில்லை" என்று சாதி பார்த்துப் பொறுக்குவது உரிமையாகாது. அதற்கு யூனிட் தலைவர் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: "எங்கள் யூனிட்டில் மருத்துவரைப் பயிற்சி பார்த்து ஒதுக்குகிறோம். பிறப்பு பார்த்து ஒதுக்குவதில்லை." இதைச் சொல்லத் துணியாத தலைவர், நோயாளியின் விருப்பம் என்ற பெயரில் தன் சாதியைத்தான் காப்பாற்றுகிறார்.

இதிலிருந்து நம் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, முந்தைய நாள் மாலை அறிமுகம். அறுவை சிகிச்சையில் பங்கெடுக்கும் மாணவர் கட்டில் அருகே வந்து பெயர், எந்த ஆண்டு, நாளை என்ன செய்வார், யார் உடனிருப்பார் என்று நோயாளிக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம் ஆகும். பணம் ஆகாது.

இரண்டு, மறுத்தால் தண்டனை கூடாது. தேதி தள்ளுவதோ, டிஸ்சார்ஜ் செய்வதோ, முகம் சுளிப்பதோ கூடாது. மயக்கத்தில் இருக்கும் பெண்ணுக்கு, மாணவர்கள் கற்பதற்காக உள்ளுறுப்புப் பரிசோதனை செய்வதென்றால் தனியாக எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். 2024இல் அமெரிக்க அரசே தன் மருத்துவமனைகளுக்கு இதை வலியுறுத்தி வழிகாட்டுதல் வெளியிட்டது. இங்கேயும் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

மூன்று, அறுவைக் குறிப்பேட்டில் உண்மை எழுதப்பட வேண்டும். யார் திறந்தார், யார் செய்தார், மூத்தவர் எந்த நேரம் அரங்கில் இருந்தார் என்று. இது நோயாளிக்கும் பாதுகாப்பு, மாணவருக்கும் பாதுகாப்பு. தவறு நடந்தால் மொத்தப் பழியும் இளையவர் தலையில் விழுவதை இது தடுக்கும்.

நான்கு, எந்த மாணவருக்கு எத்தனை அறுவை சிகிச்சை கிடைத்தது என்ற பட்டியல் துறையின் சுவரில் ஒட்டப்பட வேண்டும். மாணவர்கள் பதிவேடு எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பூட்டி வைக்காமல் வெளியே வைத்தால், யார் மூன்று ஆண்டும் கொக்கியோடு நின்றார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஐந்து, இந்தச் சுமையை ஏழைகள் மட்டும் சுமக்கக் கூடாது. தனியார் மருத்துவமனைகளிலும் மேற்படிப்பு மாணவர்கள் இருக்கிறார்கள். அங்கே பணம் கட்டுபவரிடமும் இதே அறிமுகம் நடக்கட்டும், இதே கேள்வி கேட்கப்படட்டும். சட்டமன்ற உறுப்பினரும் அதிகாரியும் அரசு மருத்துவமனையில் படுத்து, மூன்றாம் ஆண்டு மாணவர் தையல் போடச் சம்மதிக்கும் நாளில், அரங்கில் மூத்தவர் இருக்கிறாரா என்று யாரும் தனியாகக் கேட்க வேண்டியிருக்காது. அவர் தானாகவே இருப்பார்.

இங்கே மருத்துவ மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் பலர் உங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். 2017இல் நாம் இழந்த அனிதாவின் அரியலூர் மாவட்டத்துக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதுபோன்ற கல்லூரிகளில் இன்று படிப்பவர்களும், அங்கே கட்டிலில் கிடப்பவர்களும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே பேருந்தில் வந்தவர்கள். கார்ப்பரேட்டின் வரவேற்பறையில் கிடைக்காத ஒரு வாய்ப்பு இது. நோயாளியின் மொழி உங்களுக்குத் தெரியும். அவர் ஏன் கேட்கத் தயங்குகிறார் என்பதும் தெரியும். கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லுங்கள். "அம்மா, நான் இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்வதில் இழுக்கு எதுவும் இல்லை. அதை மறைக்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்த பெருமை நமக்கு உரியதல்ல.

நோயாளிகளாகவும் நோயாளியின் உடன் இருப்பவர்களாகவும் போகப்போகும் மற்றவர்களுக்கு: தயங்காமல் கேளுங்கள். பெயர் என்ன, எந்த ஆண்டு, யார் உடனிருப்பார். இந்த மூன்றைத் தாண்டி நான்காவதாக ஊரையோ தெருவையோ பக்கத்துக் கட்டிலில் யாராவது கேட்டால், அங்கேயே மறித்துப் பேசுங்கள். ஒரு மருத்துவர் உருவாவதற்குத் தன் உடலைத் தந்து உதவுகிறவர் பிச்சை வாங்குபவரல்ல, கொடுப்பவர். அவரிடம் கேட்டு, அனுமதி பெற்று, நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளும் மருத்துவத்தைத்தான் நாம் சுயமரியாதையுள்ள மருத்துவம் என்று சொல்ல முடியும்.